கரடிக்காட்டு ஸ்டேஷனைப் பழசாக்கிய கதை

மலை ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் பாதையில் கரடிக்காடு என்றொரு ஸ்டேஷன் உண்டு. அதாவது, போன வாரம் வரைக்கும் உண்டு. அங்கே மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அது அன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் குழப்பம்.

கொடி காட்டும் சென்னியப்பனுக்கு ஒரே மனக்குறை. அவன் கொடியைப் பிரிப்பதற்குள் வண்டி கிளம்பிப் போய்விடும். "உங்களை எந்த ரயிலுங்க மாப்ளே மதிக்குது?" என்று மாமியார் மாராக்காள் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் உள்ளுக்குள் வெந்துபோனான்.

அப்போதுதான் நீராவி எஞ்சினை வைத்துப் படம் எடுக்க ஒரு டைரக்டர் வந்தார். "நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த இடம் எப்படி இருந்துச்சோ, வெள்ளிக்கிழமை அப்படியே இருக்கணும். கொடி காட்டற ஆளும் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சென்னியப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளிக்கிழமை வண்டியிலேயே வரச்சொல்லி மாமியாருக்குத் தகவல் அனுப்பினான்.

ஸ்டேஷன் மாஸ்டர் பொங்கியண்ணன் உடனே கூட்டம் போட்டார். "சுவத்துக் கல்லுல என்ன போட்டிருக்கு?"

"கட்டுன வருஷங்க. கணக்குப் போட்டாத் தொண்ணூத்திரெண்டு வருஷமாச்சுங்க" என்றான் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் நஞ்சப்பன்.

"அப்ப நூறு வருஷத்துக்கு முன்னாடி ஸ்டேஷன்?"

"இல்லீங்க."

"தண்டவாளம்?"

"அது அதுக்கும் முந்தியே கெடந்துச்சுங்க."

"நாம?"

"நாமளும் இல்லீங்களே."

சென்னியப்பனுக்குப் பகீரென்றது. "கொடி புடிக்கறவன் வேணும்னு அவரே சொன்னாருங்க" என்று கெஞ்சினான். பொங்கியண்ணன் அரைமணி நேரம் யோசித்து, போனால் போகிறதென்று சம்மதித்தார்.

நான்கு நாள் ராப்பகலாக வேலை. ஓடு, சுவர், பெஞ்சு, பெயர்ப்பலகை எல்லாம் புதருக்குள் போயின. வெறும் புல்தரையைப் பார்த்துப் பொங்கியண்ணன் கண் கலங்கினார். "இப்பத்தான் ஸ்டேஷன் பழைய ஸ்டேஷன் மாதிரி இருக்குது" என்றார்.

வெள்ளிக்கிழமை எஞ்சின் புகை கக்கிக்கொண்டு வந்தது. ஸ்டேஷனைக் காணாத டிரைவர் நிற்காமல் போனார். நல்லவேளை, மலை ரயிலை வேகமாக நடந்தாலே முந்திவிடலாம். சென்னியப்பன் முந்திப்போய்ச் சிவப்புக்கொடியை உயர்த்தினான். வண்டி நின்றது. அவன் வாழ்க்கையில் அவனுக்காக நின்ற முதல் வண்டி அதுதான்.

டைரக்டர் குதித்து இறங்கினார். "ஸ்டேஷன் எங்கய்யா?"

"நூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்தபடியே இருக்குதுங்க" என்றான் நஞ்சப்பன் பணிவாக.

டைரக்டர் தலையில் கைவைத்தார். பிறகு பனிமூட்டத்தில் கொடியோடு நின்ற சென்னியப்பனைப் பார்த்தார். "அப்படியே நில்லு. நான் சொல்ற வரைக்கும் கொடியை இறக்காதே" என்று அதையாவது படம் பிடித்தார். அதற்குள் மழை கொட்டவே, படக்காரர்கள் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு, சாமான் ஏற்றி வந்திருந்த ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். கொடியை இறக்கச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

சென்னியப்பன் இறக்கவில்லை. சிவப்புக்கொடி இருக்கும்போது டிரைவராலும் வண்டியை எடுக்க முடியவில்லை. சனிக்கிழமை வண்டி பின்னால் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை வண்டி அதற்கும் பின்னால் நின்றது.

"நீங்களாச்சும் சொல்லுங்கம்மா" என்று டிரைவர், வெள்ளிக்கிழமை வண்டியில் வந்திருந்த மாராக்காளிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

மாராக்காள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, மூன்று வண்டிச் சனத்துக்கும் கேட்கும்படி சொன்னார்: "அவரு என்ர மருமகனுங்க. அவரு கை இறங்காம ஒரு சக்கரம் உருளாது."

சென்னியப்பனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

பொங்கியண்ணனோ மழையில் நனையும் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏப்பா நஞ்சப்பா, இத்தனை ரயில் நிக்கற எடத்துல ஒரு ஸ்டேஷன் கட்டோணும்னு இத்தனை வருஷமா ஒருத்தனுக்கும் தோணலயே" என்றார்.