பச்சை மூங்கிலை நம்பிய நரி

மலையடிக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு வளையில் வசித்தது. ஒரு கோடைக் காலையில் கிழக்குச் சரிவில் தீ பிடித்தது. மதியத்துக்குள் சரிவு முழுவதும் கரியானது. தொல்லை விட்டது என்று முள்ளம்பன்றி நினைத்தபோது காற்று திரும்பியது. தீ, சரிவுக்கும் வளைக்கும் நடுவில் இருந்த பாறையைச் சுற்றிக்கொண்டு வளைப் பக்கம் வந்தது.

"முள்ளக்கா! குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மூங்கில் புதருக்குள் வா!" என்று கத்தியது பக்கத்தில் வசித்த நரி. "பச்சை எரியாது! போன இரண்டு கோடையும் தீ வந்தபோது அங்கேதான் படுத்திருந்தேன். ஒரு மயிர் கருகவில்லை!"

புதர் பக்கத்தில்தான் இருந்தது. முள்ளம்பன்றி ஓடிப் போய், தன் வழக்கப்படி மூங்கிலை ஒரு கடி கடித்துப் பார்த்தது. ஈரம் இருந்தது. ஆனால் காலடியில் முழங்கால் ஆழத்துக்குச் சருகு. மிதித்தால் அப்பளமாக நொறுங்கியது.

அப்போது பச்சைக் கிளை ஒன்று முறிந்து தீயின் ஓரத்தில் விழுந்தது. முள்ளம்பன்றி கண் எடுக்காமல் பார்த்தது. முறிந்த முனை நுரை தள்ளிச் சீறியது. வெள்ளையாக ஆவி போனது. நுரை நின்றதும் பட்டை கறுத்து, மஞ்சள் புகை கிளம்பியது. கடைசியில் அந்தப் புகையே பற்றிக்கொண்டது!

"தம்பி, பச்சையும் எரிகிறது. தண்ணீர் வற்றும்வரைதான் பொறுக்கிறது. இவ்வளவு சருகு எரிந்தால் மூங்கில் எத்தனை நேரம் தாங்கும்? நீயும் வந்துவிடு!"

"எங்கே?"

"பாறை ஏறி, கரிந்த சரிவுக்கு."

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "நெருப்புக்குப் பயந்து அடுப்புக்குள் குதிக்கிறாயாக்கும்!"

"அந்த அடுப்பில் விறகு தீர்ந்துவிட்டது," என்று சொல்லிவிட்டு முள்ளம்பன்றி குட்டிகளை முன்னால் தள்ளிக்கொண்டு பாறை ஏறியது.

சரிவில் சாம்பல் மூடிய கட்டை ஒன்று கிடந்தது. மூத்த குட்டி அதன்மேல் ஏறப் போனது.

"தொடாதே!"

"தீயே இல்லையே அம்மா!"

"தீ போய்விட்டது. சூடு போகவில்லை. உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது."

வெறும் மண்ணாகக் கிடந்த இடம் பார்த்து மூன்றும் ஒடுங்கி உட்கார்ந்தன. சற்று நேரத்தில் கீழே சருகு பற்றியது. கணுக்களுக்கு இடையில் அடைபட்ட ஈரம் கொதித்து, மூங்கில்கள் படார் படாரென்று வெடித்தன. புதர் நாலாபுறமும் எரிந்தது.

"நரி மாமா எங்கே அம்மா?" என்று கேட்டது சின்னக் குட்டி.

நரி வெளியே வரவில்லை.

நேற்றுவரை எரியாததை, என்றைக்கும் எரியாதது என்று நம்புகிறவர் கெடுவார்.