ஐஸ் சுவருக்கு வாசல் வைத்த கதை

கருங்குழிப்பட்டியில் நாலு பேர் இருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். மற்றபடி அவர்களிடம் எந்தக் குறையும் கிடையாது.

மூத்தவர் சடையாண்டி. காத்தமுத்து, பூவலிங்கம், இருளப்பன் மூவரும் அவருக்கு மருமகன் முறை. ஊரை ஒட்டி நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கிணறு மாதிரி ஆழமாக ஒரு குழி தோண்டும் வேலை நடந்தது. அதில் நாலு பேரும் ஒன்பது வருஷமாகத் தற்காலிகக் கூலிகள்.

மண்ணோ தண்ணீர் ஊறிய மணல். தோண்டத் தோண்டச் சரிந்தது. அதனால் இன்ஜினியர் செங்கமலம், குழியைச் சுற்றி வட்டமாக முப்பது குழாய்களை மண்ணுக்குள் இறக்கி, ஐஸைவிடக் குளிர்ந்த உப்புத்தண்ணீரை அவற்றில் ஓடவிட்டார். ஒன்றரை மாதத்தில் சுற்றிலும் மண் கல்லாக உறைந்து, பூமிக்குள்ளேயே ஒரு சுவர் எழும்பிவிட்டது.

"இனி பயமில்லாம உள்ளே தோண்டுங்க. பதினைஞ்சாம் தேதி பெரிய அதிகாரி வர்றார். அன்னைக்குக் குழி காய்ஞ்சு கிடந்தா உங்க நாலு பேருக்கும் வேலை நிரந்தரம். ஒண்ணே ஒண்ணு, யாரையும் கேட்காம எந்த வால்வையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் சென்னைக்குப் போனார்.

கார் மறைந்ததும் சடையாண்டி தாடையைச் சொறிந்தார்.

"ஏன் மாப்ளே, சுத்திச் சுவர் இருக்குன்னாங்களே, வாசல் எங்கே?"

நாலு பேரும் குழியை மூன்று சுற்று சுற்றினார்கள். வாசல் இல்லை.

"பாவம், படிச்ச புள்ள. அவசரத்துல விட்டிருக்கும்" என்றான் பூவலிங்கம்.

"அதிகாரி பார்த்தா அந்தம்மா மானம் போயிடும் மாமா" என்றான் காத்தமுத்து.

"நம்ம வேலையும் போயிடும். கிழக்குப் பக்கமா ஒரு வாசல் வச்சிடுவோம்."

ஒரு குழாயை மூடினால் அந்த இடத்து மண் இளகி வாசலாகிவிடும் என்று கண்டுபிடித்தவன் இருளப்பன். அவன் பத்தாவது வரை போனவன்.

"ஆனா கேட்காமத் தொடக்கூடாது" என்றார் சடையாண்டி கண்டிப்பாக.

டீக்கடை மாஸ்டரைக் கேட்டார்கள். "எனக்கென்னப்பா, மூடிக்கோங்க" என்றார் அவர். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பஸ் கண்டக்டரையும் கேட்டார்கள். அவர் விசிலடித்தார். சரி, அவருக்கும் சம்மதம்.

கிழக்குக் குழாயின் வால்வை மூடி, மாவிலை கட்டி, தேங்காய் உடைத்தார்கள்.

ஒன்பதாம் நாள் குழிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர்.

"வாசல்னு இருந்தா வரத்தானே செய்யும்" என்றான் பூவலிங்கம்.

"வரட்டும்ப்பா. கேட்டுட்டு வரணுமா இல்லையா?" என்ற சடையாண்டி, காத்தமுத்துவைக் காவலுக்குப் போட்டார். அவன் மேலே, மாவிலைக்குப் பக்கத்தில், கம்பும் கையுமாக நாற்காலியில் உட்கார்ந்தான். மறுநாள் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

"என்னடா காவல் காத்தே?"

"சத்தியமா ஒரு சொட்டுகூட என்னைத் தாண்டிப் போகல மாமா."

"அப்ப உள்ளே நிக்கிறது?"

"பழைய தண்ணிதான். குடும்பம் பெருகியிருக்கும்."

அந்த நேரம் பார்த்துச் செங்கமலம் வந்து இறங்கினார்.

"யாரைக் கேட்டுய்யா மூடினீங்க?"

"டீ மாஸ்டரை, மேடம். கண்டக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டோம்."

அவர் மாவிலையைப் பிய்த்து எறிந்தார். பிறகு வால்வைத் திறந்தார். அதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாதம் தவணை வாங்கினார். கிழக்குப் பக்கமும் கல்லாக உறைந்தது. தண்ணீரை இறைத்துத் தள்ளினார்கள். குழி காய்ந்தது.

அதிகாரி வந்தார். மேலிருந்து எட்டிப் பார்த்தார். அடியில் நாலு பேரும் வரிசையாக நின்று கும்பிட்டார்கள்.

"பிரமாதம்! மேலே வந்து ஆர்டரை வாங்கிக்கோங்க."

ஒருவரும் அசையவில்லை.

"எப்படிங்கய்யா வர்றது? மேடம்தான் வாசலை அடைச்சுட்டாங்களே" என்றார் சடையாண்டி.

"ஏணி இருக்கே, ஏறி வாங்கய்யா!"

"சுவர் ஏறிக் குதிக்கிற பழக்கம் எங்க வம்சத்துலயே கிடையாதுங்க."

அதிகாரிக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. "அஞ்சு நிமிஷம்தான். வராதவங்க ஆர்டரைக் கிழிச்சுடுவேன்" என்றார்.

செங்கமலம் ஓடினார். ஆபீஸ் ஷெட்டின் கதவை நிலையோடு பெயர்த்து, கிரேனில் கட்டிக் குழிக்குள் இறக்கினார். கீழே அதை ஏணிக்கு முன்னால் நிறுத்தினார்கள். தொட்டுக் கும்பிட்டு, வலது காலை எடுத்து வைத்து, கதவைத் தாண்டி, ஏணியில் ஏறி ஒவ்வொருவராக வந்தார்கள். மூன்று பேர் ஆர்டரை வாங்கிக்கொண்டார்கள்.

"நாலாவது ஆள் எங்கேய்யா?"

"இருளப்பனா? அவன் எப்படிங்க வருவான்?" என்றார் சடையாண்டி. "எல்லாரும் வெளியே வந்துட்டா உள்தாழ்ப்பாளை யார் போடுறது? மறுபடியும் தண்ணி வந்துடாதா?"

கீழே இருளப்பன் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, தன் ஆர்டரை மட்டும் கதவிடுக்கு வழியாகத் தள்ளிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான்.