வக்கா ஏன் அந்தியில் கிளம்புகிறது

பறவைகள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வக்காவும் மற்றக் கொக்குகளைப் போலப் பகலில்தான் இரை தேடியது. பொழுது சாய்ந்தால் கூடு திரும்பிவிடும். இருட்டில் மீன் பிடிக்க அதற்குத் தெரியாது.

அல்லியேந்தல் ஏரியில் காத்தாயி என்றொரு வக்கா இருந்தாள். தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரமொன்றில் அவளும் அவள் புருஷன் சடையனும் கூடு கட்டியிருந்தார்கள். அப்போதெல்லாம் அந்திப்பொழுது அவ்வளவு நன்றாக இருக்கும். வந்தவர் வந்த கிளையில் உட்காரலாம். நாரைகள் தூரத்து வயல்களின் சேதி சொல்லும். நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்தபடியே ஊர்வம்பு பேசும். மேற்கே கடைசிச் சிவப்பு மறையும்வரை பேச்சு ஓயாது.

பிறகு மூன்று வருஷம் மழை பொய்த்தது. சுற்றுவட்டாரத்து ஏரிகள் வற்ற, அத்தனை பறவைகளும் அல்லியேந்தலுக்கு வந்து சேர்ந்தன. மாலையானால் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கும். இறக்கையோடு இறக்கை இடிக்கும். அப்படி ஒருநாள் ஒரு கூழைக்கடாவும் ஒரு நாரையும் வானத்தில் மோதி, காத்தாயியின் கூட்டின் மேலேயே விழுந்தன. மூன்று முட்டைகளும் தண்ணீருக்குள் போயின.

மறுநாள் செம்பருந்து ராஜா எல்லோரையும் கூட்டினார். மாலைப்பொழுதைப் பன்னிரண்டு முறைகளாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு முறை என்று கொடுத்தார்.

"உங்க முறையில மட்டும்தான் நீங்க இறங்கணும். பத்து நாளுக்கு எட்டு நாளாவது இறங்கினா, அடுத்த வருஷமும் அந்த முறை உங்களுக்கே. இல்லேன்னா வேற கூட்டத்துக்குப் போயிடும்" என்றார்.

வக்காக்களுக்குச் சூரியன் மறைவதற்குச் சற்று முந்தைய முறை கிடைத்தது. மோதல் நின்றது. காத்தாயி மறுபடியும் முட்டையிட்டு, குஞ்சுகளையும் வளர்த்து ஆளாக்கினாள்.

அடுத்த வருஷம், முட்டையிடும் பருவத்தில், நெடுந்தூரத்திலிருந்து அரிவாள்மூக்கன் கூட்டம் ஒன்று வந்தது. அவற்றின் ஏரியில் சேறுகூட மிச்சமில்லை. கூட்டத்தின் தலைவி கருப்பாயி ராஜாவின் முன்னால் தலைகுனிந்து நின்றாள்.

"ஒரு முறை கொடுங்க ராஜா. எங்க பொம்பளைங்க வயித்துல முட்டையோட பறக்குறாங்க."

"பன்னிரண்டும் கொடுத்தாச்சும்மா. நான் எங்கே போவேன்?" என்றார் ராஜா.

அரிவாள்மூக்கன்கள் ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்த காத்தாயிக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. கூழைக்கடாக்கள் கடற்கரைப் பக்கம் போய் மாசக்கணக்காகிறது. ஆனாலும் அவர்களுடைய முறையில் தினமும் இரண்டு கிழட்டுக் கூழைக்கடாக்கள் வந்து, தண்ணீரைத் தொட்டுவிட்டு, உடனே எழும்பிப் போயின. அந்த நேரம் முழுவதும் மரங்கள் சும்மா கிடந்தன.

காத்தாயி கடற்கரைக்கே பறந்துபோய், கூழைக்கடாக்களின் தலைவர் தொங்கலாரிடம் கேட்டாள். "ஏன் பெரியவரே, நீங்க வராத நேரத்தை அவங்களுக்குத் தரக்கூடாதா?"

"வராமலா இருக்கோம்? ரெண்டு பேர் இறங்குறாங்களே, நீ பாக்கலையா? விட்டா அடுத்த வருஷம் போயிடும் தாயி" என்றார் தொங்கலார்.

ராஜாவிடம் முறையிட்டாள். அவர், "இறங்கணும்னுதான் சொன்னேன். எத்தனை பேர்னு சொல்லாம விட்டுட்டேன். என் தப்புதான். ஆனா சொன்ன சொல்லை நடுவுல மாத்தினா நாளைக்கு ஒருத்தரும் மதிக்கமாட்டாங்க. வருஷம் முடியட்டும்" என்றார்.

அவள் திரும்பி வரும்போது, பறக்க மாட்டாமல் ஓர் அரிவாள்மூக்கன் நடு ஏரியில் விழுந்து கிடந்தது. வருஷம் முடிகிறவரை இவர்கள் தாங்கமாட்டார்கள் என்று காத்தாயிக்குப் புரிந்துவிட்டது.

அன்று கடம்ப மரத்தில் வக்காக்களுக்குள் பெரிய சண்டை.

"நம்ம முறையைக் கொடுத்துட்டு நாம எங்கே போறது?" என்று சடையன் கத்தினான்.

"அவங்க வர்ற நேரத்துல நாம கிளம்பிப் போவோம். விடியக்காலம் அவங்க கிளம்பினதும் நாம வருவோம். ஒரே கிளை ரெண்டு பேருக்கும் ஆகும்."

"ராத்திரியிலயா? இருட்டுல என்னத்தைப் புடிப்பே?"

"தெரியலை. நம்ம முட்டை தண்ணியில போனப்போ நான் அழுதது உனக்கு ஞாபகமிருக்கா? அதை இன்னொருத்தி அழ நான் பாக்கமாட்டேன்."

"சரி, போய்ச் சொல்லு" என்றான் சடையன். காத்தாயி ராஜாவிடம் போய்த் தங்கள் முறையை விட்டுக்கொடுத்தாள்.

முதல் நாள் கிளம்பும்போது, எதிரே கருப்பாயியின் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. மோதிவிடக் கூடாதே என்று காத்தாயி பதறி, "வக்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். வந்தவை விலகி வழிவிட்டன. அன்று வக்காக்கள் பட்டினிதான். மறுநாளும் அப்படியே. இருட்டை உற்றுப் பார்த்துப் பார்த்து அவர்களின் கண்கள் சிவந்துபோயின. மெல்ல மெல்லத் தவளையும் மீனும் தென்படத் தொடங்கின.

வருஷம் முடிந்ததும் ராஜா சட்டத்தைத் திருத்தினார். பாதிக் கூட்டமாவது இறங்கினால்தான் கணக்கு என்றார். கூழைக்கடாக்களின் முறையைப் பறித்து, காத்தாயியைக் கூப்பிட்டார்.

"இது உனக்குத்தான். எடுத்துக்கோ."

காத்தாயி நாரைகளின் பேச்சைக் கேட்டு ஒரு வருஷமாகிவிட்டது. வாயெடுத்துச் சரி என்று சொல்லப் போனவள், கரையைப் பார்த்தாள். புதிதாக வந்த உள்ளான் கூட்டம் ஒன்று, இறங்க இடம் கேட்டுக் காத்து நின்றது.

"எங்களுக்கு இருட்டு பழகிப்போச்சு ராஜா. அவங்களுக்குக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு, அழுகையை விழுங்கிக்கொண்டு பறந்தாள்.

அன்றிலிருந்துதான், எல்லாப் பறவைகளும் ஏரிக்குத் திரும்பும் அந்தி வேளையில், சிவந்த கண்ணோடு வக்கா மட்டும் "வக்" என்று ஒரு குரல் கொடுத்து, வருகிறவர்களுக்கு வழிவிட்டு, எதிர்ப்பக்கமாகக் கிளம்பிப் போகிறது.