அல்வாக் கரண்டியின் சாட்சி

கல்யாண மண்டபத்து மேனேஜர் தில்லைநாயகம், வளைந்து கிடந்த அலுமினியக் கரண்டியை எல்லார் முன்னாலும் ஆட்டினார்.

"பாத்திரம் தேய்க்கிறப்போ நீதான் வளைச்சே, செங்கமலம்! பழையபடி ஆக்கு, இல்லேன்னா வேலையை விட்டுக் கிளம்பு!"

செங்கமலம் கரண்டியை முழங்காலில் வைத்து ஒரே அழுத்தாக நிமிர்த்திவிட்டாள். "ஆச்சுங்க. சந்தேகம்னா இதாலேயே அண்டாவிலேர்ந்து ஆளுக்கொரு வாய் அல்வா எடுத்துப் பாருங்க."

சமையல்காரர்கள் ஓரத்தில் மெல்ல வழித்தார்கள். மேனேஜரோ எச்சில் ஊற, இறுகிய அல்வாவின் நடுவில் குத்தி, உடம்பையே சாய்த்து நெம்பினார். முன்பு வளைந்திருந்த இடத்திலேயே கரண்டி பட்டென்று முறிந்தது.

செங்கமலம் சொன்னாள்: "வெளியே நிமிர்ந்தாலும் உள்ளே நொந்துபோன கரண்டிங்க. அதான் முதல்ல இதே மாதிரி நெம்பி வளைச்ச கையைக் காட்டிக் கொடுத்திடுச்சு."

சமையற்கட்டே சிரித்தது. மேனேஜர் கைப்பிடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சரி சரி, பாத்திரம் குவிஞ்சு கிடக்கு. போய்த் தேயும்மா!"