பல்லி சொன்ன வெள்ளிக்கிழமை

கரட்டுமலைக் காட்டில் தாண்டவராயர் என்று ஒரு சருகுமான் இருந்தார். பெயர்தான் இவ்வளவு நீளம், ஆள் என்னவோ ஒரு முயல் உயரம்தான். ஆனால் அவர் நடக்கிற நடையைப் பார்த்தால் யானை கூட ஒதுங்கி வழிவிடும்!

தாண்டவராயருக்குத் தொழில் வியாபாரம். மலையில் இருக்கிற மான்களுக்கெல்லாம் நக்குவதற்கு உப்பு மண் வேண்டும். அது பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், வெள்ளோடைக் காட்டில்தான் கிடைக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் பை நிறைய நெல்லி வற்றலோடு அங்கே போய், பேசி முடித்துவிட்டு வரவேண்டும். பேச்சில் கெட்டிக்காரர்கள் தாண்டவராயர் குடும்பம்தான்.

ஆனால் நடுவில் இருக்கிறதே அந்தப் பள்ளத்தாக்கு, அங்கேதான் வம்பு! அது மொட்டையன் என்ற கழுதைப்புலியின் ராஜ்ஜியம். போன வருஷம் தாண்டவராயரின் அண்ணன் போனார். பை மட்டும் ஓடைத் தண்ணீரில் மிதந்து வந்தது. அண்ணன் வரவே இல்லை.

இந்த வருஷம் தாண்டவராயர் முறை.

"துணைக்கு ஆள் இல்லாம நீங்க வாசலைத் தாண்டக்கூடாது!" என்று சொல்லிவிட்டாள் அவர் மனைவி வடிவாம்பாள்.

சேதி பரவியதும் முதலில் வந்தது கொண்டையப்பன் என்ற மயில். தோகையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிற்று.

"ஐயா! முன்னால நாலு மயில், பின்னால நாலு மயில், நடுவுல நீங்க! போற வழியெல்லாம் நாங்க அகவிக்கிட்டே வருவோம். யாரு வர்றாங்கன்னு காடே எழுந்து நின்னு பார்க்கும்!"

தாண்டவராயருக்குத் தலைகால் புரியவில்லை. "இதுதான் நம்ம தகுதிக்கு ஏத்த துணை!" என்றார்.

அடுத்து வந்தது மருதாயி என்கிற ஆள்காட்டிக் குருவி. மஞ்சள் கால், ஒல்லி உடம்பு. வணக்கம் சொல்லிவிட்டு ஓரமாக நின்றாள்.

"நீயா?" என்று சிரித்தார் தாண்டவராயர். "காட்டிலேயே பெரிய வாய் உனக்குத்தானே! சருகு அசைஞ்சாக் கத்துவியே!"

"எப்பக் கத்தணும்னு எனக்குத் தெரியும்ங்க ஐயா. எப்பக் கத்தக்கூடாதுன்னும் தெரியும். அது இருக்கட்டும், உங்க அண்ணன் போன வருஷம் எப்பக் கிளம்பினாரு?"

"பல்லி ஜோசியர் குறிச்சுக் கொடுத்த நல்ல நேரத்துல."

"எந்த வழியா?"

"கல்பாதை வழியா. எங்க தாத்தா போன வழி, எங்க அப்பா போன வழி!"

"யாருகிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டாரு?"

"இதென்ன கேள்வி? எல்லார்கிட்டயும்தான்! குளத்தங்கரையில ஒருத்தர் விடாம 'போயிட்டு வரேன்'னு சொல்லிட்டுத்தான் கிளம்பினார். சொல்லாமக் கொள்ளாமப் போறதுக்கு நாங்க என்ன திருட்டுக் கும்பலா?"

மருதாயி, "நான் துணைக்கு வரேன். ஆனா நல்ல நேரம் பார்க்கக்கூடாது. கல்பாதையில போகக்கூடாது. யார்கிட்டயும் சொல்லிக்கக்கூடாது. இதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க" என்றாள்.

"அடேங்கப்பா! காவலுக்கு வந்தியா, என் மானத்தை வாங்க வந்தியா?" என்று எகிறினார் தாண்டவராயர்.

வடிவாம்பாள் குறுக்கே வந்தாள். "ஏங்க, மயிலு உங்க பெருமையைப் பத்திப் பேசுது. இவ உங்க உயிரைப் பத்திப் பேசுறா. எனக்கு இவதான் வேணும்!"

மனைவி முடிவு செய்த பிறகு தாண்டவராயர் என்ன செய்ய முடியும்? தலையை ஆட்டினார். ஆனால் ஆட்டிய தலை வேறு, உள்ளே இருந்த எண்ணம் வேறு.

மருதாயி அந்தப் பக்கம் போனதும் அவர் நேராகப் பல்லி ஜோசியரிடம் ஓடினார். ஜோசியர் குடியிருந்தது ஒரு மருத மரப்பொந்தில். யார் வந்து கேட்டாலும் வஞ்சனை இல்லாமல் நேரம் குறித்துக் கொடுப்பார்.

"வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் கிளம்புங்க. பேஷான நேரம்! போற காரியம் ஜெயம்!" என்று உச்சுக்கொட்டினார் ஜோசியர்.

அங்கிருந்து தாண்டவராயர் குளத்தங்கரைக்குப் போனார். மந்தியிடம் சொன்னார். உடும்பிடம் சொன்னார். நீர்க்காக்கையிடம் சொன்னார். "வெள்ளிக்கிழமை கிளம்பறேன். போயிட்டு வரேன். உங்களோட இருக்கட்டும், வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். எவ்வளவு ஜாக்கிரதையான ஆள் பாருங்கள்!

மறுநாள் புதன்கிழமை. உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. மருதாயி தண்ணீர் குடிக்கக் குளத்துக்குப் போனாள்.

"என்ன மருதாயி, வெள்ளிக்கிழமை பயணமாமே!" என்று கேட்டது மந்தி. "எங்க வீட்டுக் குட்டி வரைக்கும் தெரியும்!"

மருதாயி தண்ணீரே குடிக்கவில்லை. பறந்து வந்து தாண்டவராயர் முன்னால் இறங்கினாள். அவள் திட்டுவாள் என்று நினைத்து அவர் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தார். அவள் திட்டவில்லை.

"கிளம்புங்க ஐயா."

"எப்போ?"

"இப்பவே!"

"இப்பவா? ஐயையோ, புதன்கிழமை நடு மத்தியானம்! ராகு காலம்!"

"ஆமாங்க. உங்களைத் தெரிஞ்ச எவனும் நீங்க இப்பக் கிளம்புவீங்கன்னு கனவுல கூட நினைக்கமாட்டான். கழுதைப்புலிங்களுக்கும் இது கண்ணு சொக்குற நேரம்."

வடிவாம்பாள் நெல்லி வற்றல் பையை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினாள். "எப்ப வருவீங்க?" என்று கேட்க வாயெடுத்தாள். பிறகு கேட்காமலே விட்டுவிட்டாள். எவ்வளவு கெட்டிக்காரி!

காட்டின் ஓரத்தில் ஒரு கிழட்டுக் காட்டெருமை அசை போட்டுக்கொண்டு நின்றாள். பெயர் காத்தாயி. உடம்பு முழுக்க ஒரு சாண் உயரத்துக்குச் சேறு. சேற்றின் மேல் சருகு. சருகின் மேல் ஈ.

"இதுதாங்க நம்ம வண்டி" என்றாள் மருதாயி.

"இதுவா! நான் இது மேல ஏறுறதா?"

"தினமும் இவ சேத்துப்பாதை வழியாப் பள்ளத்தாக்கைத் தாண்டி மேயப் போறா. இவ கொம்பைப் பார்த்தா எவனும் கிட்ட வரமாட்டான். இந்தச் சேத்தைப் பார்த்தா எவனும் ரெண்டாம் தடவை திரும்பிப் பார்க்கமாட்டான். மேல ஏறிப் படுத்து, சருகை இழுத்துப் போர்த்திக்குங்க. உங்க பேரே சருகுமான்தானே!"

தாண்டவராயருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஏறிப் படுத்தார். படுத்ததும் ஓர் ஆச்சரியம்! சருகுக்குள் அவர் இருப்பது அவருக்கே தெரியவில்லை. புள்ளியும் கோடும் போட்ட அந்தப் பழுப்பு உடம்பு எதற்காகக் கிடைத்தது என்பதை, வியாபாரி ஆன நாளிலிருந்து அவர் மறந்தே போயிருந்தார்.

காத்தாயி ஆடி அசைந்து நடந்தாள். மருதாயி முன்னால் பறந்து பார்ப்பாள், திரும்பி வருவாள், எருமை முதுகில் ஈ பிடிக்கிற மாதிரி உட்கார்ந்துகொள்வாள். ஒரு சத்தம் இல்லை.

பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு நாவல் மரம். அதன் நிழலில் மொட்டையனும் இன்னும் இரண்டு கழுதைப்புலிகளும் படுத்திருந்தன. தாண்டவராயர் சருகோடு சருகாக ஒட்டிக்கொண்டார். மூச்சை அடக்கிக்கொண்டார். காது மட்டும் திறந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பட்டினியா?" என்றது ஒரு கழுதைப்புலி.

"பொறுடா!" என்றான் மொட்டையன். "பல்லிகிட்ட நானே போய்க் கேட்டேன். கரட்டுமலையிலேர்ந்து பயணம் போக இந்த வாரம் எது நல்ல நேரம்னேன். வெள்ளிக்கிழமை விடிஞ்சதும்னு சொல்லிட்டாரு. கல்பாதையில போய் உட்கார்ந்தாப் போதும், அவங்களே வந்து சேருவாங்க. போன வருஷம் அண்ணன்காரன் அப்படித்தானே வந்தான்! சொன்ன நேரத்துக்கு, சொன்ன வழியில! மரியாதையான குடும்பம்டா!"

மூன்றும் கெக்கெக்கே என்று சிரித்தன.

தாண்டவராயருக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது. அண்ணனை யாரும் துரத்திப் பிடிக்கவில்லை. தேடி அலையவும் இல்லை. அண்ணன் தானாகவே நடந்து போய் அவர்கள் முன்னால் நின்றிருக்கிறார்! துக்கமும் கோபமும் ஒன்றாகப் பொங்கின. சருகுமானுக்குக் கோபம் வந்தால் கால் சும்மா இருக்காது, குளம்பால் தட்டும். அவருடைய பின்னங்கால் அவரைக் கேட்காமலே எருமை முதுகில் தட்டிவிட்டது. டக் டக் டக்!

மொட்டையன் காதை நிமிர்த்தினான். "அந்த எருமை மேல என்னடா சத்தம்?"

எழுந்து வந்தான். காத்தாயி கொம்பைத் தாழ்த்தினாள். அவன் எட்டவே நின்று சேற்றையும் சருகையும் மோப்பம் பிடித்தான். "நெல்லிக்காய் வாசனை அடிக்குதே!" என்றான்.

அப்போதுதான் மருதாயி கத்தினாள்! அப்படியொரு கத்தல்! "ஐயோ! என் இறக்கை ஒடிஞ்சு போச்சே! பறக்க முடியலையே!" என்று மொட்டையனின் மூக்குக்கு முன்னாலேயே தொப்பென்று விழுந்தாள். ஓர் இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினாள்.

பசித்தவனுக்கு நெல்லிக்காய் வாசனையா பெரிசு? மூன்றும் அவள் பின்னால் பாய்ந்தன. ஓர் எட்டில் பிடித்துவிடலாம் போல் இருந்தாள், ஆனால் பிடிபடவில்லை. ஒரு தடவை மொட்டையனின் பல் அவள் வாலை உரசிவிட்டுப் போனது. புதரைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, முள்ளுக்காட்டுக்குள் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு, ஒடிந்த இறக்கையை விரித்து ஜம்மென்று மேலே பறந்தாள்!

அவள் திரும்பி வந்தபோது காத்தாயி பள்ளத்தாக்கைத் தாண்டியிருந்தாள். மருதாயியின் வாலில் இரண்டு இறகு குறைந்திருந்தது. தாண்டவராயர் அதைப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிற்று.

"மருதாயி, எங்க அண்ணனுக்கு நாங்களே நாள் குறிச்சு அனுப்பியிருக்கோம்!"

"அவருக்குத் தெரியாதுங்க ஐயா. உங்களுக்கு இப்பத் தெரிஞ்சுபோச்சு. கண்ணைத் துடைச்சுக்குங்க, வந்த வேலையைப் பார்ப்போம்."

வெள்ளோடையில் பேச்சு நல்லபடியாக முடிந்தது. உப்பு மண்ணுக்கு ஏற்பாடு ஆயிற்று. வியாழக்கிழமை மாலை வந்ததும், "எப்போ திரும்பறது?" என்று தாண்டவராயர் கேட்டார். கேட்டதும் தானாகவே வாயை மூடிக்கொண்டார்.

மருதாயி சிரித்தாள். அவர் காதருகே வந்து, "நாளைக்கு விடிஞ்சதும் அத்தனை கழுதைப்புலியும் கல்பாதையில உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். சேத்துப்பாதை காலியா இருக்கும். அப்பப் போயிடுவோம்" என்றாள்.

அப்படியே ஆயிற்று. மொட்டையன் கல்பாதையில் பசியோடு உட்கார்ந்து வெயில் காய்ந்தபோது, தாண்டவராயர் சேறு பூசிய உடம்போடு வீடு வந்து சேர்ந்தார். வடிவாம்பாளுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. தெரிந்ததும், "வந்துட்டீங்களா!" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு தாண்டவராயர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அடுத்த வருஷமும் அவர் பல்லி ஜோசியரிடம் போய் நேரம் கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றார் ஜோசியர். தாண்டவராயர் குளத்தங்கரைக்குப் போய் மந்தியிடமும் உடும்பிடமும் நீர்க்காக்கையிடமும், "செவ்வாய்க்கிழமை கிளம்பறேன், போயிட்டு வரேன்!" என்று தொண்டை கிழியச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மொட்டையன் கும்பல் கல்பாதையில் நாள் முழுக்கக் காய்ந்தது. அன்றைக்குத் தாண்டவராயர் வீட்டில்தான் இருந்தார், முந்தின ஞாயிற்றுக்கிழமையே உப்பு மண் பேசி முடித்துவிட்டு வந்து, மனைவியோடும் மருதாயியோடும் உட்கார்ந்து நெல்லிக்காய் தின்றுகொண்டு.

ஆபத்தான இடத்துக்குப் போகிறவர் எத்தனை காவலை அமர்த்தினாலும், எப்போது போகிறோம், எந்த வழியில் போகிறோம் என்பதைத் தன் வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாவிட்டால் அத்தனை காவலும் வீண்தான்.