சின்னப் புத்தகத்தின் தொண்ணூற்றிரண்டாம் பக்கம்

செண்பகவல்லி பதினோரு வருடம் நர்ஸாக இருந்தவள். முப்பத்தைந்தாவது வயதில் நுழைவுத் தேர்வு எழுதி, தன் வயதில் பாதி வயதுப் பிள்ளைகளோடு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். கடலோர ஊர் ஒன்றின் கல்லூரி அது. இப்போது அவளுக்கு மூன்றாம் ஆண்டு.

பொது மருத்துவத்துக்கு அங்கே ஒரு பெரிய புத்தகம் உண்டு. இரண்டு தொகுதி. மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். சமையலுக்கும் மகளின் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டினாள். கால்வாசிகூடத் தாண்டவில்லை. தேர்வில் தோற்றாள்.

பிறகு ஒரு சின்னப் புத்தகம் வாங்கினாள். தேர்வுக்கு முன்னால் ஒருமுறை புரட்டிப் பார்ப்பதற்கென்றே எழுதப்பட்டது. ஒரு நோய்க்கு ஒரு பக்கம். அட்டவணை, அம்புக்குறி, மனப்பாடத்துக்குச் சில சூத்திரங்கள். அடுத்த தேர்வில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள்.

துறைத் தலைவர் கனகசபாபதிக்குச் சின்னப் புத்தகம் என்றாலே ஆகாது. பிள்ளைகள் அதைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டுதான் வார்டுக்கு வருவார்கள். செண்பகவல்லி மட்டும் கையிலேயே வைத்திருந்தாள்.

ஒருநாள் கட்டில் கட்டிலாக நோயாளிகளைப் பார்த்துவரும் ரவுண்ட்ஸில் அது அவர் கண்ணில் பட்டது.

"என்னம்மா அது?"

"புத்தகம் சார்."

"அதுக்குப் பேர் புத்தகமா? துண்டுச்சீட்டுக்கு அட்டை போட்டு வச்சிருக்காங்க. உள்ளே வை."

"எதுக்கு சார் உள்ளே வைக்கணும்? திருடிட்டு வரலையே."

சுற்றி நின்ற பிள்ளைகள் தங்கள் கோட்டுப் பையைக் கையால் மறைத்துக்கொண்டார்கள்.

"பெரிய புத்தகம் படிக்கிற வரைக்கும் என் ரவுண்ட்ஸுக்கு வராதே," என்றார் அவர்.

அவள் வெளியே வந்தாள். நேராக இளம்பரிதியின் அறைக்குப் போனாள்.

இளம்பரிதி அந்தத் துறையில் உதவிப் பேராசிரியர். அவளைவிட ஐந்து வயது இளையவர். அவர் படிப்பை முடித்துப் பயிற்சி மருத்துவராக வந்த ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். கை நடுங்காமல் நரம்பில் ஊசி ஏற்ற அவருக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். இப்போது அவள் அவரைச் 'சார்' என்றாள். அவர் அவளை 'அக்கா' என்பதை விடவில்லை.

"ஒரே கேள்வி சார். இந்தப் புத்தகத்தைப் படிக்கலாமா, கூடாதா?"

அவர் கையை நீட்டினார். கொடுத்தாள். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தார்.

"மூச்சுத் திணறல். படுத்தால் கூடும். கால் வீக்கம். இது யாரு, அக்கா?"

"இதயம் பலவீனமானவங்களுக்கு வரும் சார்."

"நோயைக் கேட்கலை. யாருன்னு கேட்டேன்."

அவளுக்குப் புரிந்தது.

"பேச்சிமுத்து. லாரி டிரைவர். எட்டு நாள் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். அவர் சம்சாரம் முதுகுக்குப் பின்னால சாய்மானமா உட்கார்ந்திருப்பாங்க."

இன்னொரு பக்கம் திருப்பினார்.

"தாகம். அடிக்கடி சிறுநீர். உடம்பு மெலிதல்."

"கிளாரா டீச்சர். பாடம் நடத்துறப்போ பாதியில வெளியே ஓட வேண்டியிருக்குன்னு அழுதாங்க."

மேலும் சில பக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பெயர் இருந்தது. தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தில் அவர் நிறுத்தினார். வாசிக்கும் முன்பே அவள் ஒப்பித்தாள்.

"அட்ரினல் சுரப்பிக் குறைபாடு. சோர்வு, வாந்தி, எடை குறைதல், தோல் கறுத்தல், எழுந்தால் தலைசுற்றல், உப்பின் மேல் ஆசை."

"யாரு?"

தான் பார்த்தவர்களை மனதுக்குள் ஒவ்வொருவராகத் தேடினாள்.

"இதை நான் பார்த்ததில்லை சார்."

அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"இவ்வளவுதானா பதில்?" அவளுக்குக் கோபம் வந்தது. "பெரிய புத்தகத்தில மட்டும் ஆள் இருக்காங்களா? அதை முழுசாப் படிச்சிட்டா எல்லாரையும் பார்த்ததா ஆயிடுமா?"

"ஆகாது."

"அப்புறம் எதுக்கு என்னை வெளியே அனுப்பினார்?"

"அவரைத்தான் கேட்கணும்."

"கேட்கத்தான் போறேன்."

விறுவிறுவென்று வார்டுக்கு நடந்தாள். ரவுண்ட்ஸ் முடிந்திருந்தது. கனகசபாபதி தன் அறையில் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

வார்டைக் கடக்கும்போது சவேரியம்மாள் பையில் துணி அடுக்குவதைப் பார்த்தாள். உப்பளத்தில் உப்பு வாருகிறவள். வாந்தி, அசதி என்று வந்து சேர்ந்திருந்தாள். முந்தாநாள் அவளிடம் விவரம் கேட்டு எழுதியது செண்பகவல்லிதான். வெயில், சரியாகச் சாப்பிடாதது, ரத்தசோகை என்று எழுதியிருந்தாள். கனகசபாபதியும் பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

"கிளம்பியாச்சா?"

"ஆமா தாயி. சத்து மாத்திரை தாராகளாம்."

சொல்லிக்கொண்டே எழுந்தவள் தள்ளாடினாள். செண்பகவல்லி பாய்ந்து பிடித்து உட்காரவைத்தாள். சவேரியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"என்னது அது?"

"உப்புக்கல்லு."

"வெறும் உப்பையா திங்கிறீங்க?"

"இருவது வருசம் அளத்துல கிடந்திருக்கேன். உப்பக் கண்டாலே குமட்டும். இந்த ஆறு மாசமாத்தான் நாக்கு கேக்குது. கூட வேலை பாக்கிறவளுவ சிரிக்காளுவ."

அவளும் சிரித்தாள். சிரித்தபோது ஈறு தெரிந்தது. மை பூசினாற்போல் கறுத்திருந்தது.

"வெத்தலை போடுவீங்களா? புகையிலை?"

"அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது தாயி."

"ஈறு எப்போ இருந்து இப்படி இருக்கு?"

"எல்லாம் வெயிலுதான். பொறந்தப்போ இம்புட்டுக் கறுப்பு இல்ல நான்."

வெயில் வாய்க்குள் போய் அடிக்குமா என்று செண்பகவல்லி நினைத்தாள். சவேரியம்மாளின் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை ரேகைகள் பேனாவால் கீறியதுபோல் கறுப்பாக ஓடின. முந்தாநாள் இதே கையில்தான் நாடி பார்த்தாள். திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

"பையைக் கட்டாதீங்க," என்றாள். "நான் வர்ற வரைக்கும் யார் சொன்னாலும் எழுந்திருக்காதீங்க."

கனகசபாபதியின் அறைக்குள் கதவைத் தட்டாமலே போனாள்.

"பதினாலாம் கட்டில் அம்மாவை அனுப்பாதீங்க சார்."

அவர் நிமிர்ந்தார். "நீ அனுப்பாதேன்னா நான் அனுப்பக் கூடாதா?"

"கூடாது சார். வீட்டுக்குப் போனா அவங்க பிழைக்க மாட்டாங்க. அட்ரினல் போயிருக்குன்னு நினைக்கிறேன்."

"எதை வச்சு நினைக்கிற?"

அவள் சின்னப் புத்தகத்தைப் பிரித்து அவர் மேசைமேல் வைத்தாள்.

"இதை வச்சு. தொண்ணூத்திரெண்டாம் பக்கம். ஆறே வரி சார். முந்தாநாளே எனக்கு இது மனப்பாடம். அவங்க பக்கத்தில நின்னு வெயில்னு எழுதிட்டு வந்தேன். அது என் தப்பு." அவள் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினாள். "பெரிய புத்தகம் படிச்ச நீங்களும் அதே இடத்திலதான் சார் நின்னீங்க."

அவர் முகம் சிவந்தது. வெளியே போ என்பார் என்று நினைத்தாள். சொல்லட்டும் என்று நின்றாள். போகச் சொன்னால் போகக் கூடாது என்றும் முடிவு செய்துகொண்டாள்.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வார்டுக்கு நடந்தார். அவள் பின்னால் போனாள்.

சவேரியம்மாளைப் படுக்கவைத்துத் தானே ரத்த அழுத்தம் பார்த்தார். நிற்கவைத்து மறுபடி பார்த்தார். சட்டென்று இறங்கியிருந்தது. ஈறுகளைப் பார்த்தார். உள்ளங்கையை ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை மாசமாம்மா உப்பு கேட்குது?" என்றார் மெதுவாக.

பிறகு கையெழுத்துப் போட்ட சீட்டைக் கிழித்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஊசி மருந்தைத் தொடங்கச் சொன்னார்.

ரத்தப் பரிசோதனை அவள் சொன்னதையே சொன்னது. மூன்றாம் நாள் சவேரியம்மாள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். குழம்பு சரியில்லை என்று சண்டையும் போட்டாள்.

அதற்கு மறுநாள் ரவுண்ட்ஸுக்குச் செண்பகவல்லி சின்னப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனாள். கனகசபாபதி அவளைப் போகச் சொல்லவில்லை. ஈறு கறுப்பதைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். "இந்த அம்மாவை நான் முதல்ல தப்பாப் பார்த்தேன்," என்று சொல்லித்தான் தொடங்கினார்.

அவளுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. சவேரியம்மாள் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்றே திரும்பத் திரும்ப நினைத்தாள். நூலகத்தில் போய்ப் பெரிய புத்தகத்தை எடுத்தாள். அந்த நோய்க்கு மட்டும் பதினோரு பக்கம். அத்தனையும் ஒரே மூச்சில் படித்தாள். முதல்முறையாக அது கனக்கவில்லை. ஆனாலும் கேள்வி போகவில்லை.

இளம்பரிதியின் அறைக்குப் போனாள். இரண்டு புத்தகத்தையும் அவர் முன்னால் வைத்தாள்.

"சின்னதில உள்ளங்கை இல்லை சார். பெரியதில இருக்கு. ஆனா உப்பளத்துல வேலை பார்க்கிறவங்க கறுத்தா வெயில்னு நினைச்சிடாதேன்னு அதிலயும் இல்லை. நீங்க அன்னைக்கும் பதில் சொல்லலை. இன்னைக்குச் சொல்லாம நான் போக மாட்டேன். எதைப் படிக்கட்டும்?"

இளம்பரிதி எழுந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"மூணாம் கட்டிலுக்கு ஒருத்தர் வந்து அரைமணி நேரம் ஆச்சுக்கா. இன்னும் யாரும் அவர்கிட்ட பேசலை."