மைசூர்பாகு டப்பாவுக்குள் ஒரு சிப்

அருளானந்தனுக்கு வயது நாற்பத்தெட்டு. பாலிடெக்னிக்கில் இருபது வருடம் பாடம் நடத்திவிட்டு, நீண்ட விடுப்பு போட்டு, சிப் வடிவமைப்பில் முனைவர் பட்டத்துக்கு வந்தவர். அவருடைய நெறியாளர் நஸ்ரீன் பன்னிரண்டு வயது இளையவர். மாணவர் 'மேடம்' என்பார், ஆசிரியர் 'சார்' என்பார். ஆய்வுக்கூடத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை.

ஐந்து வருட உழைப்பு ஒருநாள் சிப்பாகத் தபாலில் வந்து இறங்கியது. மிளகைவிடச் சின்னது. வயலில் புதைத்து மண்ணின் ஈரம் பார்ப்பதற்கானது. மணிக்கு ஒருமுறை விழிக்கும், மற்ற நேரமெல்லாம் தூங்கும். தூங்கும்போது மின்சாரம் தின்னவே கூடாது. ஆய்வேடு முழுக்க அதைப் பற்றித்தான்.

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. துறை முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். சிப்பின் மூடியைக் கழற்றி, விளக்கைப் போட்டு, உருப்பெருக்கியில் வாட்ச்மேன் வரைக்கும் கூப்பிட்டுக் காட்டினார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிக் காட்டியதில்லை.

பிறகு, தூங்கும்போது அது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று அளந்தார். எட்டு நானோ ஆம்பியர் வரவேண்டிய இடத்தில் நானூறு வந்தது. நான்கு நாள் விடாமல் அளந்தார், நானூறுதான். ஜூனில் விடுப்பு முடிகிறது. இன்னொரு சிப் செய்து வாங்க நேரமில்லை. பட்டம் இல்லாமலே திரும்ப வேண்டியதுதான்.

வெளியூர் கருத்தரங்கிலிருந்து நஸ்ரீன் வந்ததும் போய் நின்றார்.

"மேடம், டிசைனை வரி வரியாப் பார்த்துட்டேன். தப்பு எங்கேன்னே தெரியல. இந்தப் படிப்பு எனக்கு வராதோ?"

நஸ்ரீன் எழுந்து அவருடைய மேசைக்கு வந்தார். விளக்கின் கீழே சிப் பளபளத்தது.

"மைசூர்பாகு தீர்ந்துடுச்சா, சார்?"

"தீர்ந்துடுச்சு மேடம்." இந்த நேரத்தில் இனிப்பா கேட்கிறது என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"டப்பா இருக்கா?"

மேசைக்கடியில் கிடந்த அட்டை டப்பாவை எடுத்துக் கொடுத்தார். நஸ்ரீன் அதைத் தட்டி, துகளைத் துடைத்து, உருப்பெருக்கியை ஒதுக்கிவிட்டுச் சிப்பின் மேல் கவிழ்த்தார்.

மீட்டரில் எண் இறங்கியது. நானூறு நூறாகி, முப்பதாகி, எட்டில் வந்து நின்றது.

அருளானந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எட்டுதான்.

"வெளிச்சம் பட்டா சிலிக்கான்ல கரண்ட் ஓடும். நீங்களே பாடம் நடத்தியிருப்பீங்க."

"இருபது வருஷம் நடத்தினேன், மேடம்."

நஸ்ரீன் கூடத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். குரலில் அத்தனை பெருமை.

"எல்லாரும் இங்க வந்து பாருங்க. நான் பட்டம் வாங்கின சிப் பதினாலுக்குக் கீழ இறங்கவே இல்ல. சாரோடது எட்டு."

அருளானந்தனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதன் முகத்தை இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. கை தானாக டப்பாவின் பக்கம் போனது.

நஸ்ரீன் டப்பாவின் மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"விளக்கைப் போட்டுத் தலைமாட்டுலயே உக்காந்திருந்தா யாருக்கு சார் தூக்கம் வரும்?"